தட்டு நுழையும் ஓட்டை

மூன்று நாள் அடைத்துப் போட்டிருந்த ஹோட்டலின் பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் வந்த வன்னியபெருமாள், தோசைக்கல்லுக்கு முன்னால் போய் நின்றதும் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஹாலைக் காணோம்.

அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றால் நேரே ஹால் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இடுப்பு உயரத்துக்கு ஒரு கடப்பாக்கல் மேடை, அதற்கு மேல் கூரை வரை வெட்டவெளி. அந்தப் பக்கம் மேசைகள், மேசைகளில் ஆட்கள், வாசல், வாசலுக்கு வெளியே கிழக்கேகோட்டை பஸ்கள். இப்போது மேடைக்கு மேலே கூரையில் போய் முட்டுகிற செங்கல் சுவர். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை. நடுவில், மேடையை ஒட்டினாற்போல, ஒரு தட்டு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால் முதலாளி தாணுமாலயன் பிள்ளை. வெற்றிலை போட்ட வாய் நிறையச் சிரிப்பு.

“எப்படி இருக்கு வே? இனிமே புகை ஒரு பொட்டு ஹாலுக்குள்ள வராது. ஆபீஸ்காரன் வெள்ளச் சட்டையில தாளிப்பு மணக்குன்னு ஒரு பய சொல்ல முடியாது. ஒமக்கும் பின்னால ஃபேன் மாட்டியாச்சு, பாரும்.”

பின்சுவரில் ஒரு பெரிய ஃபேன் புகையை வெளியே இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வன்னியபெருமாள் அதைப் பார்க்கவில்லை.

“சுவரு எதுக்கு மொதலாளி?”

“எதுக்கா? நல்லாக் கேட்டீரு போரும்! ஒம்மகிட்டக் கேட்டுத்தானே வே கெட்டினேன்? கொத்தனாரக் கூட்டிட்டு வந்து இதே எடத்துல நின்னு கேட்டேன்லா? ஓட்டைய மேல வைக்கவா கீழ வைக்கவான்னு கேட்டா, ரெண்டுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டினீரு. செரி, தட்ட இழுக்க லேசா இருக்கட்டும்னு கீழயே வச்சாச்சு.”

வன்னியபெருமாளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. காலை நேரத்துக் கூட்டம். மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பு கொதித்துச் சீறிக்கொண்டிருந்தது. பிள்ளையும் கொத்தனாரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஏதோ பேசினார்கள். பிள்ளையின் கை கூரைப் பக்கம் போயிற்று. ஃபேன் மாட்டப் போகிறார்கள் என்று நினைத்தார். பிள்ளை திரும்பியபோது அவர் வாயில் கடைசியாகத் தெரிந்தது, “செரிதானே?” என்பது மட்டும். ஆகா, செரி மொதலாளி என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுத் தோசையைத் திருப்பினார்.

அவருக்குக் காது கேட்காது. ஒரேயடியாகப் போகவில்லை. மழைக்காலத்து மண்சுவர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் பல்லி சத்தம் போயிற்று. அப்புறம் பெண்பிள்ளைகள் பேசுவது. கடைசியில் பஸ் ஹாரன்கூட எங்கோ வாய்க்காலுக்கு அக்கரையில் அடிக்கிறது போல ஆகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அடுப்புச் சத்தத்தைப் பற்றி விசாரித்தார். நரம்பு செத்துவிட்டது, மருந்து கிடையாது என்று ஒரு பேப்பரில் எழுதாத குறையாக வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார். சட்டைப் பையில் பெட்டியை வைத்துக்கொண்டு காதுக்கு ஒயர் விடுகிற மெஷின் ஒன்று இருக்கிறதாம். அதை மாட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நிற்பதற்கு, நெற்றியில் ‘செவிடன்’ என்று எழுதி ஒட்டிக்கொண்டே நிற்கலாம்.

ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியாது. அடுக்களையில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அவரும் கத்தினார், அதில் வித்தியாசம் தெரியவில்லை. சப்ளையர் மேடைக்கு வந்து ‘ரெண்டு மசால், ஒரு நெய் ரோஸ்ட்’ என்று விளிக்கும்போது அவர் கண் சப்ளையரின் உதட்டில் இருக்கும். அதோடு ஹாலிலும் ஒரு கண். எந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எவருக்கு மெத்தென்று வேண்டும், எவருக்கு முறுகலாக வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். வாசலில் ஆள் செருப்பைக் கழற்றும்போதே கல்லில் மாவு விழுந்துவிடும். “அண்ணாச்சி மனசுக்குள்ள எட்டிப் பாத்திட்டுல்லா தோச சுடுவாரு” என்று சப்ளையர்கள் பெருமையடிப்பார்கள். மலையாளிகள் வந்தால் மட்டும் கொஞ்சம் சிரமம். அவர்கள் பாதிப் பேச்சை மூக்கால் பேசுகிறார்கள், உதட்டுக்கு வந்து சேருவது மிச்சம்தான்.

இப்போது உதடும் இல்லை, ஹாலும் இல்லை.

முதல் நாள் காலை ஒருவிதமாக ஓடிற்று. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் சாதா தோசைதான் சாப்பிடுவார்கள். அது பழக்கம். ஓட்டையில் ஒரு கை தெரிந்தால் சாதாவைத் தள்ளினார். ஆபீஸ் கூட்டம் வந்ததும் குட்டு உடைந்தது. குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தால் சட்டைப் பொத்தான் தெரிந்தது, தோளில் போட்ட துண்டின் நுனி தெரிந்தது. வாய் அதற்கு ஒரு முழம் மேலே, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. மசால் கேட்டவனுக்கு ரவா போயிற்று. ரவா கேட்டவனுக்கு ஊத்தப்பம் போயிற்று. தட்டுகள் போன வழியே திரும்பி வந்து ஓட்டையில் அடுக்கி நின்றன.

சப்ளையர் வன்னியராஜ் பின்பக்கமாகச் சுற்றி அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டான். வள்ளியூர்க்காரன், முப்பது வயசு, நாக்கு நீளம். அவனுடைய மச்சான் ஒருவன் விதுரையில் ஒரு டீக்கடையில் தோசை சுடுகிறான். அவனை டவுனுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று வன்னியராஜ் தவம் கிடந்தான்.

“அண்ணாச்சி, தொண்ட தண்ணி வத்துது எனக்கு. ஒரு ஆர்டர நாலு தடவ விளிக்கணுமா? அங்க ஒரு சார் ‘தோச எவிடே, தோச எவிடே’ன்னு மேசையக் குத்துதான். சுவரு வச்சது பிடிக்கலன்னா மொதலாளிகிட்டச் சொல்லுங்க. எங்க வயித்துல ஏன் அடிக்கிய?”

வன்னியபெருமாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்தது. கல்லில் தண்ணீரைத் தெளித்தார்.

“பாத்தீங்களா, பேசமாட்டாரு! தலைக்கனம்!” என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சொல் வன்னியபெருமாளுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. அன்று சாயங்காலம் மனைவி மாடம்மாளிடம் அதைத்தான் சொன்னார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் லைன் வீடு. அவள் ஸ்ரீவராகத்தில் இரண்டு அய்யர் வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, அவருக்கு நேரே முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் அப்படித்தான் பேசுவாள்.

“சொல்லிருங்க. காது போனது குத்தமா? களவாண்டீங்களா, கள்ளச்சாராயம் காச்சினீங்களா?”

“தலைக்கனம் பிடிச்சவன்னு சொல்லுதான். சொல்லட்டும். செவிடன்னு ஒருத்தன் சொல்லிட்டா அதோட முடிஞ்சுது.”

“என்ன முடியும்?”

“பால்துரைய மறந்திட்டியா? சட்னி மாஸ்டர். கையில எண்ணெ கொட்டி வெரல் மடங்கினப்புறம் என்ன செஞ்சாங்க? புழக்கடை ஆட்டுரலுக்கு அனுப்புனாங்க. மடங்குன கையால ஆட்ட முடியாதுன்னு ரெண்டு மாசத்துல அவனே ஊருக்குப் போயிட்டான். மொதலாளி அவனப் போன்னே சொல்லல.”

மாடம்மாள் அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். “நீங்க ஆட்டமாட்டீங்களா?” என்றாள்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாவு ஆட்டுவது கேவலம் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் தோசைக்கல் என்று ஒன்று அவருக்கு இருந்தது. திசையன்விளையிலிருந்து வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தவரை இந்த மலையாளத்து ஊரில் நாலு பேர் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவது அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பதால்தான். அதை விட்டு நகர்ந்தால் அவர் வெறும் வன்னியபெருமாள், அதுவும் செவிட்டு வன்னியபெருமாள்.

மறுநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். லிங்கம் எதிரே வந்து நின்றான். சப்ளையர்களில் மூத்தவன், அதிகம் பேசாதவன். அவன் முகம் செத்த வீட்டுக்கு வந்தவன் முகம் மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“என்ன?”

“இப்ப, அந்த ஓட்டை வழியா நான் என்ன சொன்னேன்?”

“ஒரு சாதா சொன்ன. குடுத்தேம்லா?”

லிங்கம் தலையை அசைத்தான். “நான் ஆர்டரே சொல்லல. ஒங்க ஆத்தாளப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன். நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு அருவாள எடுத்திருவாங்க. நீங்க ‘இந்தா, ஆச்சு’ன்னிய. தோசையத் தள்ளினிய.”

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வன்னியபெருமாள் அதை மூடுவதற்குக் கையை நீட்டி, மூடாமல் விட்டுவிட்டார். ஆத்தாளைப் பேசியது அவருக்கு உறைக்கவேயில்லை. இவ்வளவு லேசாகப் பிடிபட்டுவிட்டோமே என்றுதான் இருந்தது.

“எத்தன நாளா அண்ணாச்சி?”

“அது கெடக்கு. யார்கிட்டயும் சொல்லிராத லிங்கம். ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன்.”

“சீ, என்ன பேச்சு இது!” லிங்கம் கையை எடுத்துக் காட்டினான். “இங்க பாருங்க. ஒத்த வெரல்னா ஒண்ணு, ரெண்டு வெரல்னா ரெண்டு. கைய விரிச்சா சாதா. மடக்கிக் குத்துவிட்டா மசால். கைய நிமித்தி வச்சா ரோஸ்ட். கட்டவிரலத் தேய்ச்சா நெய். எப்படி?”

“ஊத்தப்பத்துக்கு?”

லிங்கம் யோசித்தான். உள்ளங்கையைத் திருப்பி மேடையில் பட்டென்று ஓர் அடி அடிப்பது போலக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு வாரம் நன்றாகவே நடந்தது. லிங்கம் தன் மேசைகளுக்கு மட்டுமல்ல, மற்றவர்களின் மேசைகளுக்கும் தானே போய் ஓட்டையில் கைகாட்டினான். முதலில் வாயாலும் விளித்துக்கொண்டுதான் இருந்தான். கை பேசப் பேச வாய் மறந்துவிட்டது. கூட்ட நேரத்தில் கை மட்டும் உள்ளே போகும், தோசை வெளியே வரும்.

அங்கேதான் வினை வந்தது. அந்த ஹோட்டலில் சீட்டு எழுதுகிற வழக்கம் கிடையாது. சப்ளையர் அடுக்களையைப் பார்த்து விளிக்கிற விளி கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான். என்ன போகிறது என்று அவர் காதாலேயே கணக்கு வைத்துக்கொள்வார். சத்தமில்லாமல் போகிற தோசை அவர் கணக்கில் இல்லாத தோசை. வன்னியராஜ் இரண்டு நாள் அதைக் கவனித்தான். மூன்றாவது நாள் கல்லாப்பெட்டி அருகே போய்க் குனிந்து பேசினான்.

காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளை அடுக்களைக்கு வந்தார். கூடவே லிங்கம், பின்னால் வன்னியராஜ். வன்னியபெருமாள் அடுப்பைத் தணித்துவிட்டு எல்லாருடைய வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேசுகிற ஆள் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஆளுக்குத் தாவியது. துண்டு துண்டாகத்தான் பிடிபட்டது.

“…கை சாடை என்னத்துக்குலே? இது என்ன ஊமைக்கூத்தா?” பிள்ளை.

லிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

“நான் அப்பவே சொன்னம்லா மொதலாளி,” வன்னியராஜ். “ரெண்டு பேரும் கூட்டு. யாருக்கெல்லாம் ஓசியில போகுதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

பிள்ளை லிங்கத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவர் முகம் வன்னியபெருமாளுக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. ‘களவாணி’ என்ற சொல் தெரிந்தது. ‘இன்னைக்கே’ என்பது தெரிந்தது. லிங்கம் வாயைத் திறக்கவேயில்லை. சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு அவன் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து மேடையில் வைத்தான்.

வன்னியபெருமாள் அந்தத் துண்டைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், லிங்கம் போய்விடுவான். தான் வெறும் தலைக்கனக்காரனாகவே கொஞ்ச நாள் ஓட்டலாம். அந்த நினைப்பு வந்தது என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“எனக்குக் காது கேக்காது!”

எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

“எனக்குக் காது கேக்காது மொதலாளி. நாலு வருஷம் ஆச்சு. வாயப் பாத்துத்தான் சுட்டேன். சுவரு வந்தப்புறம் வாய் தெரியல. லிங்கம் எனக்காகத்தான் கை காட்டினான். ஒரு தோச ஓசியில போகல. அவன விட்டிருங்க.”

பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இறங்க இடம் தெரியாமல் முகத்தில் நின்றது.

“பின்னே எதுக்குவே அன்னைக்குத் தலைய ஆட்டினீரு? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தச் சுவரையே கெட்டியிருக்கமாட்டேனே? ஒம்மகிட்டக் கேக்காமலா செஞ்சேன்?”

“நீங்க கேட்டது எனக்குத் தெரியல. ஃபேன் மாட்டப் போறியன்னு நெனச்சேன்.”

“நல்ல கூத்து!” பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

“இடிக்க வேண்டாம்,” என்றார் வன்னியபெருமாள். “மேல, முகம் தெரியற ஒசரத்துல நாலு செங்கல் எடுத்தாப் போதும்.”

“நாலு செங்கல் எடுத்தா அது வழியாத்தான்வே புகை வரும். கெட்டி ரெண்டு வாரம்கூட ஆகல. நாட்டுல ஒரு ஹோட்டல்ல மாஸ்டருக்கு மூஞ்சி தெரியணும்னு ஜன்னல் வச்சிருக்கானா?” பிள்ளை அவருக்கு நேரே திரும்பினார். பிறகு சத்தத்தைக் குறைத்தாரா கூட்டினாரா தெரியாது, வாயை மட்டும் நிதானமாக அசைத்தார். “கேளும். நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. லிங்கம் மாடி ஃபேமிலி ரூமுக்குப் போவட்டும். கீழ வன்னியராஜ் நிப்பான். இன்னைக்குச் சாயங்காலக் கூட்டம் லிங்கம் இல்லாம ஓடுதான்னு பாப்போம். நாளைக்கு அவன் ஊருக்குப் போயிட்டா நான் யாரக் கை காட்டச் சொல்லுவேன்? ஒரு தட்டு திரும்பி வந்துதுன்னா, நாளையிலேர்ந்து புழக்கடையில ஆட்டுரல். சம்பளம் கொறையாது. போருமா?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வன்னியராஜின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நெளிந்தது. லிங்கம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனான். போகிற வழியில் வன்னியராஜை நிறுத்தி, விரலை மடக்கியும் நீட்டியும் ஏதோ சொல்லிக் கொடுக்கப் பார்த்தான். வன்னியராஜ் அவன் கையைத் தட்டிவிட்டான்.

மத்தியானம் முழுக்க வன்னியபெருமாள் சாப்பிடவில்லை. மாவைக் கலக்கினார். கல்லைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். சுவரில் கையை வைத்துப் பார்த்தால் ஹாலில் நாற்காலி நகர்கிற அதிர்வு லேசாகத் தெரிந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எவன் நாற்காலியை இழுத்தாலும் ஒரே அதிர்வுதான்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கூட்டம் வந்தது. ஓட்டையில் வன்னியராஜின் கை வந்து மேடையில் உட்கார்ந்தது. விரல் அசையவில்லை. அந்தப் பக்கம் அவன் முழு மரியாதையோடு, தெளிவாக, கல்லாவுக்கும் கேட்கிற மாதிரி விளித்துக்கொண்டிருப்பான் என்று வன்னியபெருமாளுக்குத் தெரியும். அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கை மட்டும் செத்த மீன் மாதிரி கிடந்தது. பிறகு கை அந்தப் பக்கம் போயிற்று. மறுபடி வந்தது. விரல்கள் மேடையைத் தட்டின. சீக்கிரம், சீக்கிரம்.

சாதாவா? மசாலா? சாயங்காலம் மசால்தான் அதிகம் போகும். ஊற்றிவிடலாம். பத்துக்கு ஆறு சரியாக இருக்கும். மிச்சம் நாலு திரும்பி வரும். ஒன்று வந்தாலே போதும் என்றுதானே பேச்சு.

மாவுக் கரண்டி கையிலேயே நின்றது. மாவு கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்து பொரிந்தது.

வன்னியபெருமாள் அடுப்பைத் தணித்தார். தோசை திருப்புகிற சட்டுவத்தை எடுத்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய அழுக்குத் துண்டோடு, பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கி, ஹோட்டலைச் சுற்றிக்கொண்டு, முன்வாசலில் ஏறி ஹாலுக்குள் வந்தார். வேர்வையும் மாவுமாக ஓர் ஆள் உள்ளே வருவதைப் பார்த்து வாசலோர மேசைக்காரர் காலை இழுத்துக்கொண்டார். அந்த ஹோட்டலில் மாஸ்டர் ஹாலுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை.

வன்னியராஜ் ஓட்டையில் கையை வைத்தபடியே திரும்பிப் பார்த்தான்.

“என்னவே அண்ணாச்சி, இங்க எங்க வாறிய?”

வன்னியபெருமாள் அவனைத் தாண்டிப் போனார். முதல் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மலையாளி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே போய் நின்று, முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“சாருக்கு என்ன வேணும்? வாயப் பாத்துத்தான் எனக்கு வெளங்கும். கொஞ்சம் மெதுவாச் சொல்லணும்.”

அந்த மனிதர் திகைத்துப்போய் வன்னியராஜைப் பார்த்தார், பிறகு கல்லாவைப் பார்த்தார். அதற்குள் அடுத்த மேசைகளிலும் தலைகள் திரும்பிவிட்டன. ஒருவன் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். சிரிப்பு தெரிந்தது, சொன்னது தெரியவில்லை. வன்னியபெருமாளின் காது மடல் இரண்டும் சூடேறின. கேட்காத காது வெட்கத்துக்கு மட்டும் உதவுகிறது.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிறவர் போலச் சொன்னார். “ஒரு… நெய் ரோஸ்ட். பின்னே… ஒரு காப்பி.”

“நெய் ரோஸ்ட், காப்பி,” என்று வன்னியபெருமாள் கல்லா இருந்த பக்கத்தைப் பார்த்து விளித்தார்.

பிள்ளை கல்லாவிலிருந்து பாதி எழுந்திருந்தார். வாய் திறந்திருந்தது. அந்த வாய் ‘உள்ள போவும்’ என்று சொல்லப் போகிறதா, ‘செரி’ என்று சொல்லப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வன்னியபெருமாளுக்கு நேரமில்லை. வந்த வழியே திரும்பி, சந்து வழியாக ஓடி, அடுப்பை ஏற்றி, நெய் ரோஸ்டை மெல்லிசாக இழுத்து, சுருட்டித் தட்டில் வைத்து ஓட்டையில் தள்ளினார். தட்டு அந்தப் பக்கம் போயிற்று. திரும்பி வரவில்லை.

வன்னியராஜின் கை மறுபடியும் வந்து மேடையில் உட்கார்ந்தது. விரல் அசையவில்லை.

வன்னியபெருமாள் அடுப்பைத் தணித்துவிட்டு, சட்டுவத்தோடு மறுபடியும் சந்தில் இறங்கினார்.